லைடார் காட்டும் கரியமில வாயுப் பாய்வு கோபுரத்தைவிட 1.7 மடங்கு: பிழை எங்கே?

வெயில்நேரம்:

வணக்கம். இரண்டு மாதமாக ஒரே எண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி வேறு கண்களும் பார்க்கட்டும் என்று இங்கே வைக்கிறேன்.

எங்களிடம் இருப்பது 2051 நானோமீட்டருக்கு அருகே இயங்கும் கோஹெரன்ட் லைடார்: லேசர் துடிப்பை மேலே விட்டு அதன் எதிரொலியைக் கேட்கும் கருவி. நொடிக்கு 2000 துடிப்புகள், ஒன்றுவிட்டு ஒன்று ஆன், ஆஃப். ஆன் துடிப்பைக் கரியமில வாயு உறிஞ்சும். ஆஃப் துடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றிலுள்ள தூசில் பட்டுத் திரும்பும் இரண்டின் வலுவையும் ஒப்பிட்டால், எந்த உயரத்தில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே எதிரொலியின் டாப்ளர் பெயர்ச்சி செங்குத்துக் காற்றின் வேகத்தையும் தருகிறது. இந்த அலைநீளத்தில் நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் பெயர்ச்சி. வாயுவும் காற்றும் ஒரே கற்றையில் கிடைக்கும்போது இரண்டின் ஏற்ற இறக்கத்தையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் பாய்வு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியாக நொடிக்கு மேலேயோ கீழேயோ போகும் வாயு, வந்துவிட வேண்டும். கோபுரத்தில் எடி கோவேரியன்ஸ் செய்பவர்கள் செய்வதும் இதைத்தான்.

லைடாருக்குப் பக்கத்திலேயே 30 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரக் கருவியும் இருக்கிறது. சுற்றிலும் சமதரை, அடர்ந்த மரங்கள். மேகமில்லாத 60 நாள்களை எடுத்துக்கொண்டேன். தினமும் 11 மணி முதல் 2 மணி வரை மட்டும். லைடாரில் நான் எடுத்தது 250 முதல் 550 மீட்டர் வரையான பட்டை. நடு உயரம் 400. 250க்குக் கீழே லைடாருக்குக் கண் தெரியாது.

கோபுரம் சொல்வது: சதுர மீட்டருக்கு நொடிக்கு −20 மைக்ரோமோல். அதாவது மரங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. லைடார் சொல்வது: −34.

10 நொடிச் சராசரி ஒன்றில் என் வாயு அளவின் இரைச்சல் 25 பிபிஎம் (பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்கு 25). பயங்கரம்தான், தெரியும். ஆனால் 60 நாளில் அப்படிப்பட்ட 64,800 அளவுகள் இருக்கின்றன. வாயு அளவின் இரைச்சலுக்கும் காற்றின் வேகத்துக்கும் தொடர்பில்லை என்றால் சராசரியில் அது கரைந்து ±4 மைக்ரோமோலுக்கு வந்துவிடுகிறது. 14 வித்தியாசத்தை இரைச்சலின் தலையில் கட்ட முடியாது.

சராசரி வாயு அளவு மட்டும் பார்த்தால் கோபுரம் 420 பிபிஎம், லைடார் 424. ஒரு சதவீதம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்குப் புரியாதது பாய்வு மட்டும்தான்.

அலைநீளம்:

முதலில் லேசரின் அதிர்வெண்ணை நகராமல் பிடித்திருக்கும் பூட்டைப் பாருங்கள். கரியமில வாயு ஒளியை உறிஞ்சுவது குறுகிய அதிர்வெண் கோடுகளில்; தரை அழுத்தத்தில் இந்தக் கோட்டின் அரை அகலமே சுமார் 2 கிகாஹெர்ட்ஸ்தான். நீங்கள் கோட்டின் சரிவில் நின்றுகொண்டுதான் அளப்பீர்கள், உச்சியில் நின்றால் உறிஞ்சல் அதிகமாகிவிடும். சரிவில் நிற்பவனுக்குக் கால் கொஞ்சம் வழுக்கினாலும் உயரம் மாறிவிடும். சில பத்து மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தாலே சதவீதக் கணக்கில் பிழை வரும். அந்த 4 பிபிஎம் அதன் அறிகுறியாக இருக்கலாம். ஒப்பீட்டுக் குடுவையில் கரியமில வாயுவை அடைத்து அதில்தான் பூட்டுகிறீர்களா, அல்லது அலைநீளமானியை நம்பி ஓட்டுகிறீர்களா?

கோபுரவாசி:

நண்பர் அலைநீளம் சொல்லும் பிழை உண்மையானதுதான், ஆனால் இங்கே குற்றவாளி அதுவல்ல. அதிர்வெண் நகர்ந்தால் வாயு அளவு முழுவதும் ஒரே விகிதத்தில் பெருகும். 420 என்பது 424 ஆகும். ஏற்ற இறக்கமும் அதே ஒரு சதவீதம் பெருகும். பாய்வும் ஒரு சதவீதம் பெருகும். −20 என்பது −20.2 ஆகும். −34 ஆகாது. ஆகவே அந்த 4 பிபிஎம்மை மறந்துவிடுங்கள்.

நான் கேட்பது வேறு. உங்கள் லைடார் எதை அளக்கிறது? பிபிஎம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அளப்பது பிபிஎம் அல்ல. ஒரு கன மீட்டருக்குள் எத்தனை கரியமில வாயு மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதை எண்ணுகிறது, அவ்வளவுதான். அதைக் காற்றின் சராசரி அடர்த்தியால் வகுத்துப் பிபிஎம் ஆக்கியது உங்கள் நிரல். நண்பகலில் மேலே எழும் காற்று எப்படிப்பட்டது? சூடானது. சூடான காற்று விரிந்திருக்கும். விரிந்த காற்றில் கன மீட்டருக்கு எல்லாமே குறைவு: நைட்ரஜன் குறைவு, ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயுவும் குறைவு. மரம் ஒரு மூலக்கூறைக்கூடத் தொடாவிட்டாலும், எழும் காற்றில் வாயு குறைவு, இறங்கும் காற்றில் அதிகம் என்றுதான் உங்கள் கருவி சொல்லும். அதைப் பாய்வாக்கினால் மரம் உறிஞ்சியது போலவே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றுப்புறம் 300 கெல்வின், வாயு 420 பிபிஎம். ஒரு டிகிரி சூடு கூடினால் 420இல் முந்நூறில் ஒரு பங்கு போகும், அதாவது 1.4 பிபிஎம். மரங்கள் நிஜமாகவே உண்டாக்கும் ஏற்ற இறக்கமும் இதே அளவில்தான் இருக்கும். அசலும் போலியும் ஒரே உயரம்!

நண்பகலில் உங்கள் இடத்தில் உணர்வெப்பப் பாய்வு (சூடான காற்று மேலே சுமந்துபோகும் வெப்பம்) சதுர மீட்டருக்கு 300 வாட் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். காற்றின் அடர்த்தியாலும் வெப்பக்கொள்ளளவாலும் வகுத்தால் 0.25 கெல்வின் மீட்டர்/நொடி. அதை 1.4ஆல் பெருக்கினால் 0.35 பிபிஎம் மீட்டர்/நொடி. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 40 மோல். ஆகப் போலிப் பாய்வு 14 மைக்ரோமோல். உங்கள் வித்தியாசம் எவ்வளவு என்றீர்கள்?

இது வெப், பியர்மன், லூனிங் மூவரும் 1980இல் எழுதிவைத்த திருத்தம். கோபுரக்காரர்கள் யாரும் இதை இப்போது யோசிப்பதுகூட இல்லை, மென்பொருள் தானாகச் செய்துவிடுகிறது. லைடார்க்காரர்கள் ஒளியியலிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய நிரலில் இது இருக்காது. என் நிரலிலேயே ஒரு பருவம் முழுவதும் இந்தத் திருத்தம் இருந்ததில்லை. அதைக் கண்டுபிடித்த அன்று அறிக்கையின் நான்கு பக்கங்களைக் கிழிக்க வேண்டியிருந்தது.

வெயில்நேரம்:

கோபுரவாசி ஐயா, வாயடைத்துப் போனேன். கோபுரத்தின் உணர்வெப்பச் சராசரியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்: 300 வாட். நீங்கள் ஊகித்ததே. 14ஐக் கழித்தால் லைடாரும் −20. கோபுரமும் −20. அச்சடித்தாற்போல!

அலைநீளம்: ஒப்பீட்டுக் குடுவையில்தான் பூட்டுகிறோம். பதிவேட்டில் அதிர்வெண் நன்றாகவே இருக்கிறது.

கந்தகப்புகை:

எரிமலைப் பக்கத்திலிருந்து ஒரு குறுக்கீடு. நாங்கள் கோவேரியன்ஸ் பக்கமே போவதில்லை. புகைக்குக் குறுக்கே லைடாரைத் துழாவி ஒரு செங்குத்துத் தளம் வரைவோம். அந்தத் தளத்தில் சுற்றுப்புறத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும் வாயுவைக் கூட்டி, தளத்தைக் கடக்கும் காற்றின் வேகத்தால் பெருக்குவோம். வெளியேற்றம் கைக்கு வந்துவிடும். ஆலைகளிலிருந்து கசியும் ஹைட்ரோகார்பன்களைப் பல ஆண்டுகளாக இப்படித்தான் அளக்கிறார்கள். கரியமில வாயுவுக்கு இத்தாலியின் சோல்ஃபத்தாராவில் 2014இலும், ஸ்ட்ரோம்போலியில் 2015இலும் செய்திருக்கிறார்கள். இதில் தலைவலி காற்றுதான்: வேகத்தில் 20 சதவீதம் தவறினால் வெளியேற்றத்திலும் அதே 20 சதவீதம். காட்டுக்கு இந்த முறை ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். காட்டுக்குப் புகைபோக்கி இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவைக்கிறேன். புகை அடர்ந்திருக்கும் இடத்தில் எதிரொலி பல மடங்கு வலுக்கும். அங்கே காட்டும் வாயுவில் எது வாயு, எது எதிரொலியின் வலு செய்யும் மாயம் என்று பிரிக்கவே எங்களுக்குப் பாதி நேரம் போய்விடும். தூசும் வாயுவும் ஒன்றாகவே ஏறி இறங்கும் இடத்தில் லைடார்க்காரன் தன் கண்ணையே சந்தேகிக்க வேண்டும். நண்பகல் காற்றில் தரையிலிருந்து எழும் தூண்களும் தூசு நிறைந்தவைதானே?

கோபுரவாசி:

வெயில்நேரம், அந்த "அச்சடித்தாற்போல" தான் எனக்குப் பிடிக்கவில்லை. கருவி இரண்டு, உயரம் வேறு வேறு, எண் மட்டும் ஒன்று. ±4 பிழையுள்ள அளவு இவ்வளவு பொருந்தினால் பொருத்தத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நீங்கள் கழித்தது 30 மீட்டரில் அளந்த வெப்பப் பாய்வு. லைடார் பார்ப்பது 400 மீட்டரில். வெப்பப் பாய்வு மேலே போகப் போகக் குறையும்; தரையில் முழுதாக இருப்பது எல்லை அடுக்கின் (தரைச்சூட்டால் கலங்கும் கீழ்க்காற்றின்) உச்சிக்குப் போகும்போது பூஜ்யத்தையும் தாண்டி, தரையளவில் ஐந்தில் ஒரு பங்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடும். நடுவே ஏறக்குறைய நேர்கோடு. அடுக்கின் உயரம் உங்கள் லைடாரிலேயே தெரியும். எவ்வளவு?

வெயில்நேரம்:

அந்த மூன்று மணி நேரச் சராசரி 1300 மீட்டர்.

கோபுரவாசி:

அப்படியானால் 400 மீட்டரில் வெப்பப் பாய்வு தரையளவில் 63 சதவீதம்தான் மிஞ்சும், 190 வாட். போலிப் பாய்வு 14 அல்ல, 9. நீராவிக்கும் ஒரு திருத்தம் உண்டு: மரங்கள் விடும் நீராவியும் காற்றை நீர்க்கச் செய்கிறது. உள்ளுறை வெப்பம் (நீராவி சுமந்துபோகும் வெப்பம்) 200 வாட் என்றால் அது 2 மைக்ரோமோல். ஆக −34 என்பது −23 ஆகும். −20 ஆகாது.

சரி, கோபுரத்திலிருந்து 3 தள்ளிப்போனால் என்ன, ±4க்குள்தானே இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் 400 மீட்டரில் −20 வர வேண்டும் என்று யார் சொன்னது?

தரையிலிருந்து 400 மீட்டர் உயரம் வரை ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே மரங்கள் நொடிக்கு 20 எடுக்கின்றன. மேல்மூடி வழியாக எவ்வளவு உள்ளே வருகிறது என்பதுதான் லைடார் அளக்கும் பாய்வு. பெட்டிக்குள் வாயு அளவு மாறாமல் நின்றால் மேலேயும் 20 வர வேண்டும். பகலில் அது நிற்காது, குறைந்துகொண்டே போகும். குறையும்போது மரங்கள் எடுக்கும் 20இல் ஒரு பகுதி பெட்டியின் சொந்தக் கையிருப்பிலிருந்தே போகிறது. 11 மணிக்கும் 2 மணிக்கும் கோபுரத்தில் வாயு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 30 மீட்டர் அளவை முழுப் பெட்டிக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம், நண்பகலில் எல்லாம் நன்றாகக் கலந்துதான் இருக்கும்.

வெயில்நேரம்:

சராசரியாக 3 மணி நேரத்தில் 3 பிபிஎம் இறங்குகிறது. மணிக்கு 1.

மேலிருந்து:

இடையில் ஒரு அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். செயற்கைக்கோளில் லைடாரே போய்விட்டதே? சீனாவின் தாச்சி-1, 2022 ஏப்ரலில் போனது, 1572 நானோமீட்டரில் கரியமில வாயுவை அளக்கிறது. அதை எடுத்துக்கொள்ளக்கூடாதா? தரையில் இவ்வளவு பாடுபட வேண்டுமா?

கோபுரவாசி:

மேலிருந்து, அது தரைக்கும் கோளுக்கும் நடுவே உள்ள முழுத் தூணுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். அமெரிக்காவின் ஓ.சி.ஓ.-2 செயற்கைக்கோளும் அப்படியே, அது சூரிய ஒளியை நம்பியிருப்பது மட்டும்தான் வேறுபாடு. உலகத்தின் எந்த மூலையில் வாயு கூடியிருக்கிறது என்று கேட்க அது நல்லது. இந்தக் காட்டில், இந்த 400 மீட்டரில், இந்த நிமிடம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

வெயில்நேரம், மணிக்கு 1 பிபிஎம் என்றால் 400 மீட்டர் பெட்டியில், கன மீட்டருக்கு 40 மோல் கணக்கில், சதுர மீட்டருக்கு நொடிக்கு 4.4 மைக்ரோமோல் கையிருப்பு கரைகிறது. ஆக மேல்மூடி வழியாக வர வேண்டியது −16 அளவில்தான். பக்கவாட்டில் வருவதும் போவதும் 60 நாள் சராசரியில் அடிபட்டுப்போகும் என்று நம்பிச் சொல்கிறேன். சமதரை என்றீர்கள், அதனால் நம்பலாம்.

உங்களிடம் இருப்பது −23. வர வேண்டியது −16. இன்னும் 7 எங்கோ ஒளிந்திருக்கிறது. முதலில் கிடைத்த −20ஐக் கட்டுரையில் போட்டிருந்தால் மூன்று பிழைகள் ஒன்றையொன்று மறைத்து, ஒரு அழகான படமாக அச்சாகியிருக்கும்.

இப்போது கந்தகப்புகை சொன்னதற்குப் போகிறேன். எழும் காற்றில் தூசு அதிகம் என்றால் எதிரொலியின் வலுவும் செங்குத்துக் காற்றும் சேர்ந்தே ஆடும். வலுவைப் பொறுத்து வாயு அளவில் சிறு பிழை வந்தாலும் போதும், அது காற்றோடு கைகோத்துவிடும். சாதாரண இரைச்சல் 64,800 அளவுகளில் கரைந்துபோகும். இது 64 லட்சம் அளவுகள் எடுத்தாலும் கரையாது.

இரைச்சல் மட்டத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்?

வெயில்நேரம்:

ஒவ்வொரு துடிப்புக்கும் சற்று முன்னால், எதிரொலி எதுவும் இல்லாத நேரத்தில், அந்தந்த அலைவரிசையில் இருக்கும் திறனை எடுத்துச் சராசரியாக்கிக் கழிக்கிறோம்.

கோபுரவாசி:

துடிப்புக்கு முன்னால் இருக்கும் மட்டமும் எதிரொலி வரும்போது அடியில் இருக்கும் மட்டமும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? துளி கூடுதலாகக் கழித்தால் போதும், பலவீனமான எதிரொலிதான் அதிகம் பாதிக்கப்படும். ஆன் எதிரொலி எப்போதும் ஆஃபைவிடப் பலவீனம், தொலைவில் இன்னும் பலவீனம். ஆகவே உறிஞ்சல் கூடியது போலத் தெரியும். தூசு குறைந்த இறங்கு காற்றில் இந்தப் பிழை அதிகம், தூசு நிறைந்த எழு காற்றில் குறைவு. இறங்கும் காற்றில் வாயு அதிகம்: மறுபடியும் மரம் உறிஞ்சுவது போலவே!

சோதிப்பது எளிது. இரண்டு துடிப்புகளையும் ஆஃப் அலைநீளத்திலேயே விடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் வித்தியாசம் பூஜ்யம், வாயு அளவும் பூஜ்யம் காட்ட வேண்டும். முக்கியம்: இரண்டாவது துடிப்பின் எதிரொலியை வேண்டுமென்றே வலுக்குறைத்துவிடுங்கள். சம வலுவில் விட்டால் இரண்டிலும் ஒரே பிழை வந்து, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சுத்தமான பூஜ்யம் காட்டி உங்களை ஏமாற்றும். ஆன் துடிப்பு வழக்கமாகத் திரும்பும் வலுவில் ஒருமுறை, அதில் பத்தில் ஒரு பங்கு வலுவில் ஒருமுறை எடுங்கள். பிழை இருந்தால் வலு பத்து மடங்கு குறையும்போது அது பத்து மடங்கு பெருகும். ஒரு இரவு போதும்.

வெயில்நேரம்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். நீங்கள் எச்சரித்தும், முதல் இரவு வலுக்குறைப்பான் கண்ணாடியைச் செருக மறந்துவிட்டேன். பூஜ்யம் வந்தது. மகிழ்ச்சியில் தூங்கப் போனேன். படுத்த பிறகுதான் உங்கள் வரி நினைவுக்கு வந்தது.

இரண்டாம் இரவு முறையாகச் செய்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில், வழக்கமான வலுவில் 4 பிபிஎம். பத்தில் ஒரு பங்கு வலுவில் 42 பிபிஎம். இடையில் ஐந்தில் ஒரு பங்கு வலுவிலும் எடுத்தேன்: 21. வரைதாளில் வலுவின் தலைகீழை ஒரு பக்கமும் போலி வாயுவை மறுபக்கமும் வைத்தால் நூல் பிடித்தாற்போல் நேர்கோடு.

அந்த 4 பிபிஎம்மைக் கவனித்தீர்களா? கோபுரம் 420, லைடார் 424 என்று முதல் நாளே எழுதி, கவலையில்லை என்று தள்ளியது இதே 4தான்.

கோபுரவாசி:

மறந்துவிடச் சொன்னவன் நான். என் தவறு. ஒரு சதவீதப் பெருக்கல் பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டினேன். அது கூட்டல் பிழையாக இருக்கலாம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். அலைநீளம் அந்த எண்ணில் கை வைத்தது சரி, காரணம்தான் வேறு.

4 பிபிஎம் என்பது 420இல் ஒரு சதவீதம். உங்கள் பட்டையில் ஆன், ஆஃப் வித்தியாசம் 0.1 அளவு என்றால் இரைச்சல் மட்டத்தில் நீங்கள் கூடுதலாகக் கழித்தது எதிரொலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒன்று! இனி பாய்வுக்கு வாருங்கள். நண்பகலில் உங்கள் எதிரொலியின் வலு எவ்வளவு ஆடுகிறது, செங்குத்துக் காற்றோடு அதன் தொடர்பு எவ்வளவு?

வெயில்நேரம்:

வலு 8 சதவீதம் ஆடுகிறது. காற்றோடு ஒட்டுறவுக் கெழு 0.5. காற்றின் ஆட்டம் நொடிக்கு 1 மீட்டர்.

கணக்கை நானே போட்டேன்: 4.2 பிபிஎம்மில் 8 சதவீதம் 0.34 பிபிஎம், அதில் பாதி 0.17, அதை 40ஆல் பெருக்கினால் 6 அல்லது 7 மைக்ரோமோல். ஒளிந்திருந்தது அகப்பட்டுவிட்டது.

இரைச்சல் மட்டத்தைத் துடிப்புக்கு முன்னால் எடுக்காமல், அதே துடிப்பின் வாலில், 15 கிலோமீட்டருக்கு மேலே எதிரொலியே வராத இடத்திலிருந்து எடுக்கும்படி நிரலை மாற்றினேன். ஆஃப்-ஆஃப் சோதனையில் 4 பிபிஎம் இருந்த இடத்தில் இப்போது 1க்கும் குறைவு. அறுபது நாளையும் மறுபடி ஓட்டியதில் −17 வருகிறது, அதே ±4. நீங்கள் பெட்டியில் போட்டுக் காட்டியது −16.

கந்தகப்புகை:

ஆயிரத்தில் ஒன்று என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் பழைய புகைத்தளங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். நல்லவேளை, எங்கள் புகையில் கூடுதல் வாயு பல பத்து பிபிஎம் இருக்கும், இந்தப் பிழை அதில் முழுகிப்போகும்.

அலைநீளம்:

ஒரு சந்தேகம். வெப்பம் கோட்டின் வலிமையையும் மாற்றும் அல்லவா? எழும் சூடான காற்றில் ஒவ்வொரு மூலக்கூறும் உறிஞ்சும் அளவே மாறினால் அதுவும் பாய்வாகத் தெரியாதா?

கோபுரவாசி:

தெரியும், கோடு தவறானதாக இருந்தால். 2051க்கு அருகே உள்ள ஆர்30 கோட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான்: சூடு கூடினால் கோட்டின் வலிமை கொஞ்சம் ஏறும், அகலம் கொஞ்சம் குறையும், சரிவில் நிற்பவனுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். வேறு கோட்டில் அளப்பவர்கள் இதையும் திருத்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்த வேலையில் நாம் முதல் ஆளல்ல. 447 மீட்டர் உயரமுள்ள விஸ்கான்சின் கோபுரத்தின் பக்கத்தில் 2 மைக்ரோமீட்டர் லைடாரை வைத்து இதே கேள்வியைக் கேட்டவர்கள் 2011இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். நொடிக்குச் சில துடிப்பே தரும் லேசரை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், நொடிக்கு 2000 துடிப்பு வைத்திருக்கும் நாம் புலம்பவே கூடாது.

வெயில்நேரம், ஒன்று விட்டுப்போனது. ஆஃப்-ஆஃப் சோதனையை இரவில் செய்தீர்கள். பாய்வை எடுப்பது பகல் 11 முதல் 2 வரை. லைடாரை வைத்திருக்கும் பெட்டிக்குள் வெயிலேறிக் கருவி சூடாகும் நேரம். இரைச்சல் மட்டம் பகலிலும் அப்படியேதான் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

வெயில்நேரம்:

இல்லை. நாளை மதியம் ஒரு மணிக்குச் செருகுகிறேன். கண்ணாடியை மறக்காமல்.